படிவமும் விடையும் ஒரே பக்கத்தில்

வலைச் செயலிகளுள் பெரும்பாலானவற்றின் அலங்காரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுபவை இரண்டு: பயனர் தம் தேவையை நிரப்பித் தரும் படிவம், அதைப் பெற்றுக்கொண்ட சேவையகம் தேடியோ கணக்கிட்டோ திருப்பி அனுப்பும் விடை. ரயில் நேரம் பார்ப்பதும், கடனுக்கு வட்டி கணக்கிடுவதும், நூலகப் பட்டியலில் ஒரு நூலைத் தேடுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். படிவத்தையும் விடையையும் ஒரே பக்கத்தில் அமைத்தால், பயனர் தாம் கேட்டதையும் தமக்குக் கிடைத்ததையும் ஒருசேரப் பார்க்கவும், ஒரு சொல்லையோ ஓர் எண்ணையோ மட்டும் மாற்றி மீண்டும் கேட்கவும் முடியும். ஆனால் இந்த வசதியைத் தர வேண்டுமானால், என்ன கேட்கப்பட்டது என்பதை யாரேனும் நினைவில் வைத்திருந்தாக வேண்டும். அந்த நினைவைச் சேவையகம் சுமப்பதா, பயனரின் உலாவி சுமப்பதா, பக்கத்தின் முகவரியே சுமப்பதா என்பதற்கு வலையின் வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் முகவரியைச் சார்ந்த மிகப் பழைய தீர்வே இன்றும் பெரும்பாலான பயன்களுக்குச் சிறந்ததாக உள்ளது.

வினாவையும் விடையையும் ஒரே திரையில் காட்டும் வழக்கம் வலைக்கு முந்தியது. 1971 இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய 3270 வகைத் திரைமுனையங்கள், 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட, அதாவது மொத்தம் 1,920 எழுத்துகள் கொள்ளும் திரையில், சில இடங்களைப் பூட்டியும் சில இடங்களைப் பயனர் நிரப்புவதற்குத் திறந்தும் வைத்திருந்தன. பயனர் தட்டச்சு செய்யும்போது மையக் கணினிக்கு எதுவும் செல்லாது. எல்லாவற்றையும் நிரப்பி உள்ளீட்டு விசையை அழுத்திய பின்னரே, அதிலும் மாற்றப்பட்ட இடங்களில் உள்ளவை மட்டுமே, ஒரே தொகுப்பாக அனுப்பப்படும். மையக் கணினியில் இருந்த நிரல் விடையை அதே திரையின் வேறோர் இடத்தில் எழுதி அனுப்பிவிட்டு, பயனரின் அடுத்த செயலுக்காகக் காத்திராமல் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான முனையங்களுக்காக நூற்றுக்கணக்கான நிரல்களைக் காத்திருக்க வைப்பதற்கு அன்றைய கணினிகளில் நினைவகம் போதாது என்பதே இதற்குக் காரணம். பயனருக்குத் தொடர்ச்சியான உரையாடல் போலத் தோன்றினாலும் உள்ளே ஒவ்வொரு முறையும் நிரல் புதிதாகப் பிறந்து மறைந்ததால், இம்முறையை நிரலர்கள் போலி உரையாடல் என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் பரவலாகப் பயன்பட்ட இந்தத் திரைகளுக்கும் இன்றைய வலைப் படிவங்களுக்கும் இடையே உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது.

வலையின் தகவல் பரிமாற்ற நெறியான எச்.டி.டி.பி.யும் இத்தகைய மறதியையே அடிப்படையாகக் கொண்டது. உலாவி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது, சேவையகம் ஒரு மறுமொழியைத் தருகிறது, அத்துடன் அவ்விரண்டுக்கும் இடையிலான உறவு முடிந்துவிடுகிறது. அடுத்த கோரிக்கை வரும்போது அது முன்பு வந்தவரிடமிருந்து வருகிறதா, புதியவரிடமிருந்து வருகிறதா என்பதை அறிய நெறியில் வழியில்லை. ஒவ்வொரு முறை சன்னலுக்குப் போகும்போதும் வேறொரு எழுத்தர் அமர்ந்திருக்கும் அலுவலகத்தில், மனுதாரர் தம் வழக்கின் முழுத் தாள்களையும் ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துச் சென்றாக வேண்டும் என்பதைப் போன்றது இது. இந்த மறதி குறையாகத் தோன்றினாலும், ஒரே சேவையகம் எண்ணற்ற பயனர்களுக்கு ஈடுகொடுக்க முடிவதற்கும், இடையில் ஒரு சேவையகம் செயலிழந்தால் இன்னொன்று அதன் வேலையை ஏற்க முடிவதற்கும் அதுவே காரணம்.

சுவிட்சர்லாந்தின் சேர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை வடிவமைத்தபோது படிவம் என்ற ஒன்றே அதில் இல்லை. அதற்கு மாற்றாக, ஐசிண்டெக்ஸ் என்ற ஒரே ஒரு குறி இருந்தது. அந்தக் குறி இடம்பெற்ற பக்கத்தைப் பெற்ற உலாவி, இப்பக்கத்தில் சொல் தந்து தேடலாம் என்பதை அறிந்து, பயனர் தரும் சொற்களை அதே பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு வினாக்குறி இட்டு, சொற்களுக்கு இடையே கூட்டல் குறி வைத்து, மீண்டும் அனுப்பும். தொடக்க காலத்தில் வலையின் பயனைச் சேர்ன் ஊழியர்களுக்கு உணர்த்தியவற்றுள் முக்கியமானது அம்மையத்தின் தொலைபேசிக் கையேடு. மையக் கணினியில் இருந்த அந்தக் கையேட்டில் ஒருவரின் பெயரைத் தந்து அவரது எண்ணைப் பெறுவதற்கு வலை வழியமைத்தது. ஐசிண்டெக்ஸ் முறையில் வினாவின் முகவரியும் விடையின் முகவரியும் வினாக்குறி வரை ஒன்றே. அதற்குப் பின்னால் வருவதே வேறுபாடு. விடையுடன் வரும் பக்கத்தில் அதே குறியை மீண்டும் வைத்தால் அடுத்த தேடலை அங்கேயே தொடரலாம். படிவமும் விடையும் ஒன்றாக வாழும் பக்கத்திற்குத் தேவையான கருத்து முழுவதும் இந்தச் சிறு ஏற்பாட்டில் அடங்கியிருந்தது என்பதில் மிகையில்லை.

பல புலங்களும் தெரிவுப் பெட்டிகளும் கொண்ட படிவங்கள் 1993 இல் மொசைக் உலாவியின் வழியே பரவலாயின. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறையில் அவை முறைப்படி இடம்பெற்றன. படிவத்தைப் பெற்று விடை தயாரிக்கும் நிரலைச் சேவையகம் எவ்வாறு இயக்க வேண்டும் என்பதை வகுத்த சி.ஜி.ஐ. என்னும் இணைப்பு நெறியும் 1993 இல் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. நிறுவனத்தில் உருவானது. இந்த வளர்ச்சியில் ஒரு பிளவும் சேர்ந்தே வந்தது. படிவம் என்பது வட்டில் கிடக்கும் மாறாத கோப்பு. விடை என்பது தனிக் கோப்பகத்தில் வைக்கப்பட்ட நிரல் அவ்வப்போது எழுதித் தரும் பக்கம். இரண்டும் இரு வேறு முகவரிகளில் இருந்ததால், ஒரு புலத்தை நிரப்பத் தவறிய பயனருக்கு, பின்னே சென்று திருத்துக என்ற ஒற்றை வரி மட்டும் கொண்ட வெற்றுப் பக்கம் கிடைத்தது. பின்னே சென்றவருக்குத் தாம் நிரப்பியவை அப்படியே இருக்குமா, அழிந்திருக்குமா என்பது உலாவியின் மனநிலையைப் பொறுத்தது.

இந்தப் பிளவை நீக்கிய உத்தி எளியது: படிவத்தை எழுதித் தருவதும் விடையைத் தருவதும் ஒரே நிரலின் பொறுப்பு என்று ஆக்குவது. படிவம் எந்த முகவரிக்குச் செல்ல வேண்டும் என்பதைக் குறிக்காமல் விட்டால், அது தான் இருக்கும் பக்கத்தின் முகவரிக்கே திரும்பிச் செல்லும். அங்கிருக்கும் நிரல், தரவு வந்திருக்கிறதா என்று பார்த்து, வரவில்லையென்றால் வெற்றுப் படிவத்தையும், வந்திருந்தால் நிரப்பிய படிவத்தின் கீழ் விடையையும் எழுதும். பெர்ல் மொழி நிரல்களும், 1995 இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. கருவிகளும் இம்முறையைப் பரவலாக்கின. பி.எச்.பி.யில் ஒரே கோப்பில் எச்.டி.எம்.எல். வரிகளும் நிரல் வரிகளும் கலந்து நின்றதால், தொடக்கநிலை நிரலருக்குக்கூட இது கைவந்தது.

கைவந்த வேகத்தில் தவறுகளும் பெருகின. அத்தகைய நிரலுக்கு இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு என்று கருதுவதே முதல் தவறு. உண்மையில் அதற்கு மூன்று நிலைகள் உண்டு. பயனர் இப்போதுதான் முதன்முறையாக வந்திருக்கிறார் என்பது ஒன்று. வினவியிருக்கிறார், ஆனால் தந்தவற்றுள் பிழை உள்ளது என்பது மற்றொன்று. பிழையின்றி வினவியிருக்கிறார் என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் பிரித்தறியாத பக்கம், இன்னும் ஒரு விசையைக்கூடத் தொடாத பயனரை, பெயரை நிரப்பவில்லை என்று சிவப்பு எழுத்தில் கடிந்துகொள்ளும். சுழியத்தைத் தரவாகப் பெறும் கணக்கீட்டுப் பக்கங்களில் வேறொரு பொறி உண்டு: ஒரு மாறி வெறுமையாக உள்ளதா என்று சோதிக்கும் பி.எச்.பி. செயற்கூறு, சுழியம் என்ற எழுத்தையும் வெறுமை என்றே கொள்வதால், தள்ளுபடி சுழியம் என்று முறையாக நிரப்பியவரிடம் தள்ளுபடியை நிரப்புக என்று பக்கம் மீண்டும் மீண்டும் கேட்கும்.

இவற்றினும் நுட்பமானது தேர்வுப்பெட்டிச் சிக்கல். சிறு கட்டத்தில் சரிக்குறி இடும் அந்தப் பெட்டி, குறி இடப்பட்டிருந்தால் மட்டுமே தன் பெயரைச் சேவையகத்துக்கு அனுப்பும். குறி இல்லாவிட்டால், இல்லை என்றுகூடச் சொல்லாமல் முற்றிலும் மௌனமாக இருந்துவிடும். படிவம் ஒரு பக்கத்திலும் விடை வேறு பக்கத்திலும் இருந்த காலத்தில் இந்த மௌனத்தால் தீங்கில்லை. விடைப் பக்கத்துக்கு வந்தவர் படிவத்தை நிரப்பியவராகவே இருப்பார் என்பதால் மௌனத்துக்கு ஒரே பொருள்தான். இரண்டும் ஒரே பக்கமானபோது மௌனத்துக்கு இரண்டு பொருள்கள் வந்துவிட்டன: பயனர் இன்னும் வினவவில்லை, அல்லது வினவும்போது குறியை வேண்டுமென்றே நீக்கினார். தொடக்கத்திலேயே குறி இடப்பட்டு வரும் பெட்டியானால், பயனர் அதை நீக்கி அனுப்பியதும் பக்கம் அதை முதல் வருகை என்று எண்ணிக் குறியைத் திரும்ப இட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மறைபுலத்தைப் படிவத்துக்குள் வைத்து, அது வந்தால் படிவம் அனுப்பப்பட்டது என்று கொள்வதே இதற்குத் தீர்வு. தொடக்கநிலைப் பாடநூல்கள் இந்தச் சிக்கலை இன்னும் விரிவாகப் பேச வேண்டும்.

பயனர் தந்ததை அதே படிவத்தில் மீண்டும் நிரப்பிக் காட்டுவது ஒன்றிணைந்த பக்கத்தின் உயிர்நாடி. அதன் மிகப்பெரிய ஆபத்தும் அங்கேதான் உள்ளது. பயனர் தந்த சொல்லில் ஒரு மேற்கோள் குறி இருந்தால், அதை அப்படியே புலத்தின் மதிப்பாக எழுதும்போது புலம் அந்த இடத்தில் முடிந்துவிட்டதாக உலாவி கருதி, எஞ்சிய எழுத்துகளைக் கட்டளைகளாகப் படிக்கும். இதை அறிந்த தீயவர், கட்டளைகளைத் தேடுசொல்லாகப் பொதிந்த ஒரு முகவரியைப் பிறருக்கு அனுப்பி, அதைச் சொடுக்கியவரின் உலாவியிலேயே தம் நிரலை இயக்க முடியும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 2000 பிப்ரவரியில் இந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மேற்கோள் குறி, கோணக் குறி போன்ற சிறப்பு எழுத்துகளை அவற்றுக்குரிய பாதுகாப்பான குறியீடுகளாக மாற்றி எழுதுவதே மருந்து. இன்றைய வலைச் சட்டகங்கள் பலவும் இதைத் தாமாகவே செய்கின்றன. கடவுச்சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் திரும்ப நிரப்பிக் காட்டலாகாது. கோப்பு ஏற்றும் புலத்தைச் சேவையகம் நிரப்ப முயன்றாலும் உலாவி அதற்கு இடம் தருவதில்லை.

படிவத்தை அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. கெட் எனப்படும் முறையில் புலங்களின் பெயர்களும் மதிப்புகளும் முகவரியின் இறுதியில், வினாக்குறிக்குப் பின் சேர்க்கப்படும். போஸ்ட் எனப்படும் முறையில் அவை முகவரியில் தென்படாமல் கோரிக்கையின் உள்ளுடலாகச் செல்லும். வெறுமனே தேடுவதற்கும் பார்ப்பதற்கும் கெட், சேவையகத்தில் எதையேனும் மாற்றுவதற்குப் போஸ்ட் என்பது நெறியின் அடிப்படை விதி. இந்த விதியை மீறியோர் 2005 மே மாதத்தில் அதன் விலையைக் கண்டனர். அப்போது கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சலரேட்டர் என்னும் கருவி, பயனர் அடுத்துச் சொடுக்கக்கூடிய இணைப்புகளை முன்கூட்டியே தானே திறந்து வைத்துக்கொள்ளும். அழித்தல் போன்ற செயல்களைச் சாதாரண கெட் இணைப்புகளாக வைத்திருந்த சில வலைச் செயலிகளில், பயனர் தொடாமலே அவரது தரவுகள் அழிந்தன. கருவி தவறு செய்யவில்லை. கெட் தீங்கற்றது என்ற நெறியின் வாக்குறுதியை அது நம்பியது.

போஸ்ட் முறையில் அனுப்பி, விடையை அதே மறுமொழியில் காட்டும் பக்கத்துக்கு வேறொரு நோய் உண்டு. பயனர் பக்கத்தைப் புதுப்பித்தால், உலாவி மீண்டும் அனுப்பவா என்று கேட்டு, ஆம் என்றால் அதே படிவத்தை இரண்டாம் முறையும் அனுப்பிவிடும். ஒரே பொருளுக்கு இரண்டு முறை ஆணை பதிவாவது இப்படித்தான். 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 வரையறையில் இடம்பெற்ற 303 என்னும் மறுமொழி எண் இதற்கு வழி தந்தது: வேலையை முடித்த சேவையகம் விடையைத் தராமல், இந்த முகவரியில் கெட் முறையில் போய்ப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பும். அதற்கு முன்பே இருந்த 302 என்னும் எண், அனுப்பும் முறையை மாற்றாமல் வேறிடத்துக்குப் போகச் சொல்வதற்காக வகுக்கப்பட்டது. உலாவிகளோ அதைப் பெற்றதும் போஸ்டைக் கெட்டாக மாற்றிக்கொண்டன. உலாவிகளின் இந்தப் பிழையான வழக்கத்துக்கு ஒரு முறையான எண்ணைத் தந்ததே 303 இன் பணி எனலாம். அனுப்பு, திசைமாறு, பெறு என்ற இந்த மூன்றடி முறையை 2004 இல் மைக்கேல் ஜூராவ்லெவ் ஒரு கட்டுரையில் விரித்துரைத்த பின் அது நிரலர்களிடையே பொதுவழக்காயிற்று. விடை வருவதற்குள் பொறுமையிழந்து பொத்தானை இருமுறை அழுத்துபவரை மட்டும் இம்முறையால் தடுக்க இயலாது. அதற்குப் படிவத்தில் ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் ஓர் அடையாள எண்ணை வைத்தாக வேண்டும்.

பக்கம் முழுவதையும் மீண்டும் பெறாமல் விடைப் பகுதியை மட்டும் மாற்றும் நுட்பம் 1999 இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியில் தோன்றியது. தட்டச்சு செய்யும்போதே பரிந்துரைகளைக் காட்டிய கூகுள் சஜெஸ்ட் 2004 டிசம்பரில் வெளிவந்தது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயரிட்டார். படிவம் அசையாமல் நிற்க, விடை மட்டும் மாறுவதால், நிரப்பியதைத் திரும்ப நிரப்பும் தொல்லையே இல்லாமற்போனது. ஆனால் அதுவரை இருந்திராத ஒரு பிழைக்கு அதுவே வாயிலாயிற்று. பயனர் முதலில் மது என்று தட்டச்சு செய்து, உடனே தொடர்ந்து மதுரை என்று முடிக்கிறார் என்று கொள்ளலாம். இரு கோரிக்கைகள் செல்கின்றன. முதல் கோரிக்கைக்குப் பொருத்தங்கள் மிகுதி என்பதால் அதன் விடை தாமதமாகி, இரண்டாவதன் விடைக்குப் பின் வந்துசேர்கிறது. பெட்டியில் மதுரை என்று இருக்க, கீழே மது என்ற தேடலுக்கான விடை நிற்கும். முழுப் பக்கமும் ஒரே மறுமொழியாக வந்த காலத்தில் இந்த முரண் நேரவே வாய்ப்பில்லை. வினாவும் விடையும் ஒரே பொட்டலத்தில் வந்தன. இப்போதோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் வரிசை எண் இட்டு, பழைய எண்ணுடன் வரும் விடையைத் தள்ளிவிடுவது நிரலரின் கடமையாகிறது. விடைப் பகுதியின் தலைப்பிலேயே அது எந்த வினாவுக்கானது என்று எழுதிவைப்பது இன்னும் நல்லது. படிவத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது கீழே நிற்பது பழைய விடை என்பதையும் அது உணர்த்தும்.

ஏஜாக்ஸ் முறையில் முதலில் பலியானது முகவரி. விடை எத்தனை முறை மாறினாலும் முகவரி மாறாததால், கிடைத்த விடையை நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு வெற்றுப் படிவமே திறந்தது. பின்செல் பொத்தானை அழுத்தியவர் முந்தைய தேடலுக்குப் போகாமல் பக்கத்தை விட்டே வெளியேறினார். பக்கத்தை மீண்டும் பெறாமலே முகவரியை மாற்றும் வசதியை எச்.டி.எம்.எல். 5 தந்த பிறகு இக்குறை நீங்கியது, அதாவது நீக்க முடிவதாயிற்று. அதைப் பயன்படுத்தாத பக்கங்கள் இன்றும் ஏராளம்.

தமிழில் தேடுவோருக்கு முகவரியில் இன்னொரு செய்தி உண்டு. யூனிகோடு தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகவும், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாகவும் எழுதப்படுவதால், ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்துகள் செலவாகின்றன. மதுரை என்ற சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது. முகவரியில் அது 45 எழுத்துகள் ஆகிவிடும். ஆங்கிலத்தில் அதே ஊரின் பெயருக்கு ஏழு எழுத்துகள் போதும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஏற்ற முகவரியின் நீளம் 2,083 எழுத்துகள். அதில் 231 தமிழ்க் குறியீடுகள் மட்டுமே அடங்கும், முகவரியின் மற்றப் பகுதிகளுக்கு இடம் விட்டால் அதுவும் குறையும். ஊர்ப்பெயருக்கும் நூற்பெயருக்கும் இது தாராளம். பத்தி பத்தியாகத் தமிழ் உரையைப் பெற்றுச் சொற்பிழை காட்டும் பக்கத்துக்கோ போஸ்ட் முறைதான் பொருந்தும்.

பார்வையற்றோர் திரைப்படிப்பான் கொண்டு பக்கத்தைக் கேட்கும்போது, படிவத்தின் கீழே விடை ஓசையின்றி மாறினால் அது மாறியதே அவர்களுக்குத் தெரியாது. அத்தகைய மாற்றத்தைத் திரைப்படிப்பான் அறிவிக்கும்படி குறியிட வேண்டும் என்பதை 2018 இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 அணுகல் வழிகாட்டுதல் ஒரு விதியாகவே சேர்த்தது. கைபேசியில் பார்ப்போர் நிலையும் இதற்கு மிகவும் தொலைவில் இல்லை. திரையின் கீழ்ப்பாதியை விசைப்பலகை மறைத்திருக்க, விடை அதன் அடியில் வந்து கிடக்கும்.

எல்லாப் படிவங்களையும் விடையோடு இணைக்க வேண்டியதில்லை. வாழ்நாளில் ஒருமுறை நிரப்பும் விண்ணப்பத்துக்கும், பணம் செலுத்தும் படிவத்துக்கும் விடை தனிப் பக்கத்தில் இருப்பதே ஏற்றது; அங்கே மீண்டும் கேட்கும் தேவை இல்லை, இருந்தால் அதுவே ஆபத்து. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஓர் இணைய மையத்தின் ஊழியர் வரிசையில் நிற்கும் மாணவர்களின் பதிவெண்களையும் பிறந்த தேதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுக்கொண்டிருக்கும்போது, மதிப்பெண் பட்டியலின் மேலேயே அடுத்தவருக்கான வெற்றுப் படிவம் நிற்பது பெரும் உதவி. ஆனால் அங்கே பயன்பட வேண்டியது போஸ்ட் முறை. முகவரியில் ஏறிய பிறந்த தேதி உலாவியின் வரலாற்றிலும் சேவையகத்தின் பதிவேட்டிலும் தங்கிவிடும் என்பதால், அந்த ஓர் இடத்தில் முகவரியின் நினைவு தேவையற்றது. ஊர்ப்பெயரும் நூற்பெயரும் வட்டி விகிதமும் கேட்கும் படிவங்களுக்கு அத்தகைய இரகசியம் எதுவும் இல்லை. அவற்றைப் போஸ்ட் முறையில் மறைத்து அனுப்பும் பக்கங்கள் பயனருக்கு எந்தப் பாதுகாப்பும் தராமல், விடையைச் சேமிக்கவும் பகிரவும் உள்ள உரிமையை மட்டும் பறிக்கின்றன.